பீம்ராவ் நிமிர்த்திய லாஞ்சு

ஒரே வருஷத்தில் மூணு பம்பைக் காவு வாங்கிய மீன்பிடி லாஞ்சு ஒன்று காசிமேட்டில் நிற்கிறது என்று ரஷீது பாய் சொன்னபோது பீம்ராவ் நம்பவில்லை.

“பம்பு சொம்மா சாவாது பாய். யாராச்சும் சாகடிச்சாத்தான் சாவும்.”

“அப்ப யாருன்னு நீயே போய்ப் பாரு. நாலாவது பம்பையும் நேத்து என்கிட்டதான் வாங்கினு போச்சு, லாஞ்சுக்காரரு தேசப்பனோட பொஞ்சாதி. விக்கிறதுக்கு எனக்கே வெக்கமாகீது.”

ராயபுரத்தில் பழைய கப்பல் சாமான்களும் பம்பு, பெல்ட் வகையறாக்களும் விற்கிற கடை ரஷீதுடையது. வாஷர் வாங்கவும் பேரிங் வாங்கவும் வாரத்தில் ரெண்டு தடவையாவது பீம்ராவ் அங்கே வந்துவிடுவார். அன்றைக்கு வந்தது ஒரு குழாய் வாஷருக்காக. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பாமல் கடல் பக்கம் திருப்பினார்.

2002 ஏப்ரல் கடைசி அது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் பத்து நாளாகியிருந்தது. துறைமுகத்துக்குள் லாஞ்சுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. எங்கே பார்த்தாலும் சுத்தியல் சத்தம், பெயின்ட் வாசனை, வலை பின்னுகிறவர்களின் பேச்சு.

பீம்ராவுக்கு அப்போது நாற்பத்தொரு வயசு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூணாவது மாடி. ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, விம்கோ நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் வீட்டில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவர். ஆறு பெரிய பம்புகள் அவர் பொறுப்பில் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் எது மூச்சு வாங்குகிறது, எது சும்மா சுற்றுகிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். 1998இல் ஒரு திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போனபோது கேட்டில் பூட்டும் ஒரு நோட்டீசும் தொங்கின. அதற்கப்புறம் போர்வெல் மோட்டார், அடிபம்பு, பாத்ரூம் குழாய் என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தார். மனைவி யசோதரா சத்துணவு அமைப்பாளர். வீட்டில் அடுப்பு அணையவில்லை. ஆனால், ஒழுகுகிற குழாயைச் சரி பண்ணிவிட்டு நிமிரும்போதெல்லாம், அந்த ஆறு பம்புகளின் சத்தம் பீம்ராவுக்குக் காதில் கேட்கும். யாரிடமும் சொன்னதில்லை.

தேசப்பனின் லாஞ்சைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. எல்லா லாஞ்சும் நேராக நிற்க, அது ஒன்று மட்டும் இடப்பக்கம் தோளை இறக்கிக்கொண்டு நின்றது. முகப்பில் ‘கங்கையம்மன் துணை’ என்று எழுதியிருந்தது. துறைமுகத்தில் அதற்கு ‘நொண்டி’ என்றுதான் பேர்.

தேசப்பன் கயிற்றுக் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு, உரமான உடம்பு, மூணு நாள் தாடி. அவர் பெண்சாதி கோவிந்தம்மா பக்கத்தில் நின்று ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“ரஷீது பாய் அனுப்பிச்சாரு. பம்பு மெக்கானிக்,” என்றார் பீம்ராவ்.

“எந்தப் பக்கம்?”

“வியாசர்பாடி. பேரு பீம்ராவ்.”

பேரைச் சொன்ன உடனே கேட்கிறவர்களுக்கு மற்றதெல்லாம் புரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே எங்கே போனாலும் பேரைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வார்.

பக்கத்து லாஞ்சில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஒருத்தன் சிரித்தான். “இன்னா மாமு, தரையில குழாய் மாட்டுற ஆள இட்டாந்து லாஞ்ச சரி பண்ணப்போறியா?”

தேசப்பன் அவனைப் பார்க்கவில்லை. “பாக்குறதுக்கு ஒண்ணியும் இல்ல மேஸ்திரி. கட்டை உளுத்துப்பூட்சு. கடல் உள்ள வந்துகினே கீது. போன தடவ எண்ணூருக்கு நேரா வரச்சொல்லோ காத்து அடிச்சது பாரு, ஒரு அலை தூக்கி இன்ஜின் ரூமுக்குள்ள ஊத்திச்சு. பம்பப் போட்டா பம்பு செத்துக் கெடக்குது. அஞ்சு பேரு பக்கெட்டால நாலு மணி நேரம் மொண்டு ஊத்திக்கினே வந்து சேந்தோம். இப்ப எவனும் ஏற மாட்டேன்றான். வர்ற திங்கக்கெழம மரக்கடைக்காரன் வர்றான், ஒடைச்சு எடுத்துனு போவட்டும்.”

“ஒடைக்கிறதுக்கா நான் புள்ளய மாதிரி பாத்துகினேன்?” என்றாள் கோவிந்தம்மா. “மேஸ்திரி, நீங்க எறங்கிப் பாருங்க. அப்பால ஒடைக்கிறதா வேணாமான்னு நான் சொல்றேன்.”

பீம்ராவ் சைக்கிளிலிருந்து கருவிப் பையை எடுத்துக்கொண்டு, லாஞ்சுக்குப் போட்டிருந்த பலகையில் கால் வைத்தார். அது ஆடியது. அவருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் மிதக்கிற எதன்மேலும் அதுவரை ஏறியதும் இல்லை. கரையிலிருந்து பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்ற ரோஷத்தில்தான் அடுத்த காலை எடுத்து வைத்தார்.

இன்ஜின் ரூம் இடுப்பளவு பள்ளம். அதன் அடியில் தண்ணீர் வந்து சேர ஒரு குழி. குழியிலிருந்து குழாய் மேலேறி பம்புக்குப் போகிறது. இன்ஜினிலிருந்து ஒரு பெல்ட் பம்பைச் சுற்றும். இன்ஜின் ஓடுகிற வரைக்கும் பம்பும் ஓடும். நிறுத்த வழி கிடையாது. பீம்ராவ் செத்துப்போன பம்பின் மூடியைக் கழற்றினார். உள்ளே ரப்பர் இறக்கைகள் கருகிப் பொடிப்பொடியாகக் கிடந்தன. கையில் எடுத்துத் தேய்த்து, மோந்து பார்த்தார். கரிந்த வாசனை.

“அண்ணா, இது தண்ணி இறைச்சுச் சாவல. தண்ணி இல்லாம ஓடிச் செத்துகீது.”

தேசப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. “லாஞ்சு தண்ணியில முழுகுது. தண்ணி இல்லாம செத்துச்சுன்றியே! இன்னா டபாய்க்கிறியா?”

“முழுகுற தண்ணி இந்தக் குழிக்கு வர்லண்ணா. வேற எங்கியோ குந்திகினு கீது.”

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, குனிந்தபடியே லாஞ்சின் நடுவிலிருந்த ஐஸ் ரூமுக்குள் போனார். மீனும் ஐசும் கொட்டுகிற அறை அது. சுவரெல்லாம் ஃபைபர் பூச்சு. பூச்சுக்கும் வெளிப் பலகைக்கும் நடுவில், ஐஸ் சீக்கிரம் கரையாமலிருக்க தெர்மோகோல் அடைத்திருக்கும். வலப்பக்கச் சுவரைத் தட்டினார். டக் டக் என்று காலியான சத்தம். இடப்பக்கம் தட்டினார். தொம் என்று, ஊறிப்போன மூட்டையைக் குத்தின மாதிரி கேட்டது. தரையைத் தட்டினால் அங்கேயும் தொம்.

இடப்பக்கச் சுவரின் கீழ் மூலையில் கையால் தடவினார். ஃபைபர் ஒரு முழ நீளத்துக்கு வெடித்திருந்தது. கைதுளைப்பான் வைத்து அதன் பக்கத்திலேயே ஒரு சின்ன ஓட்டை போட்டார். கருப்பாக, நாற்றத்தோடு தண்ணீர் நூலாக ஒழுகியது.

ஒரு டம்ளரில் அதைப் பிடித்தார். இன்னொரு டம்ளரில் இன்ஜின் ரூம் குழியில் தேங்கியிருந்த கொஞ்சம் தண்ணீரை மொண்டார். ரெண்டையும் மேலே கொண்டுவந்தார். பாய்லருக்குள் போகிற தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று பதினேழு வருஷம் பரிசோதித்த ஆள் அவர். அங்கே மருந்து இருந்தது, கண்ணாடிக் குழாய் இருந்தது. இங்கே நாக்குதான் இருந்தது.

குழித் தண்ணீரில் விரலை முக்கி நாக்கில் வைத்தார். துப்பினார். அப்புறம் அந்தக் கருப்புத் தண்ணீரில் விரலை முக்கினார்.

“அய்யே, கலீஜு! வேணாம் மேஸ்திரி!” என்று கோவிந்தம்மா கத்துவதற்குள் அது நாக்குக்குப் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு வினாடி நின்றார். துப்பினார். மறுபடி ஒரு தடவை வைத்துப் பார்த்தார். பெயின்ட்காரன் சிரிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

“குழியில கெடக்குறது உப்பு, கடல் தண்ணி. இன்ஜின் தண்டு வெளிய போற எடத்துல சொட்டு சொட்டா வருது. அது எல்லா லாஞ்சுலயும் வரும். சொவத்துக்குள்ள கீறது உப்பு இல்ல, சப்புனு கீது. இது கடல் இல்லண்ணா. நீங்க ஏத்துன ஐஸ். வெடிப்பு வழியா எறங்கி எறங்கி, போக வழியில்லாம வருஷக்கணக்கா உள்ளயே நிக்குது. கட்டை உளுத்திருந்தா, கட்டையை ஒட்டி நிக்கிற இந்தத் தண்ணி உப்பாத்தான் இருக்கணும். ஒங்க லாஞ்சுல ஓட்டையே இல்ல.”

கோவிந்தம்மா தேசப்பனைப் பார்த்த பார்வையில் இத்தனை நாள் சண்டைக்கும் சேர்த்துத் தீர்ப்பு இருந்தது.

“திங்கக்கெழம மரக்கடைக்காரன் வருவான்,” என்றார் தேசப்பன்.

“அதுக்கு அஞ்சு நாள் கீதே,” என்றார் பீம்ராவ்.

மறுநாள் காலையிலேயே ஒரு சிக்கல். ஐஸ் ரூமின் இடப்பக்க ஃபைபரைப் பிளந்ததும், உள்ளேயிருந்து அழுகின முட்டை நாற்றம் பொங்கி வந்தது. பீம்ராவ் சட்டென்று மேலே ஏறிவிட்டார். “யாரும் எறங்காதீங்க. மூடியெல்லாம் தொறந்து போட்டு, காத்து அடிச்சு, மத்தியானத்துக்கு மேல எறங்கலாம்,” என்றார். பாய்லர் வீட்டில் பழைய தொட்டிக்குள் இறங்கி மயங்கிய ஆளை அவர் பார்த்திருக்கிறார்.

“மீன் நாத்தத்துக்கு நீ பயப்படுவ. நான் இதுலயே பொறந்தவன்,” என்று சொல்லிக்கொண்டே தேசப்பன் இறங்கினார். ரெண்டாவது படியில் நிற்கும்போது பேச்சு நின்றது. மூணாவது படியில் கை நழுவியது. பீம்ராவ் குப்புறப் படுத்து, சட்டைக் காலரையும் ஒரு கையையும் சேர்த்துப் பிடித்தார். அந்தக் கனத்தை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. “ஓடியாங்கோ!” என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து லாஞ்சிலிருந்து பெயின்ட்காரன் தாவி வந்தான். ரெண்டு பேருமாக இழுத்து மேலே போட்டார்கள்.

தேசப்பன் கடல் காற்றில் மல்லாந்து கிடந்து கொஞ்ச நேரம் இருமினார். கோவிந்தம்மா அவர் மூஞ்சியில் தண்ணீர் அடித்துவிட்டு, முந்தானையால் துடைத்தாள்.

“நீ சொன்னா சரிதான் மாமு,” என்றார் தேசப்பன், கண்ணைத் திறந்து. மேஸ்திரி போய் மாமு வந்தது அப்போதுதான்.

மத்தியானம் வரை ஒரு பெரிய ஃபேனை வைத்து உள்ளே காற்றடித்தார்கள். அதற்கப்புறம் வேலை தொடங்கியது. ஊறிப்போன தெர்மோகோலைப் பாளம் பாளமாக வெட்டி எடுத்தார்கள். பூப்போல இருக்கவேண்டிய சாமான், ஒரு பாளத்தைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்தது. பிழிந்தால் கருப்பாக ஊற்றியது. பெயின்ட்காரன், அவன் பேர் ரஞ்சித், யாரும் கூப்பிடாமலே வந்து கைகொடுத்தான். ரெண்டாம் நாள் முடிவில் கரையில் அந்தப் பாளங்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. போகிறவன் வருகிறவனெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போனான்.

ஆனாலும் லாஞ்சு சாய்ந்தேதான் நின்றது. தரைக்கடியில் இன்னும் தண்ணீர் இருந்தது. அதற்குக் காரணம் மூணாம் நாள்தான் தெரிந்தது. லாஞ்சின் அடியில் விலா எலும்பு மாதிரி குறுக்குக் கட்டைகள் வரிசையாக ஓடும். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் தண்ணீர் நகர்ந்து குழிக்குப் போக ஒரு வழி விட்டிருப்பார்கள். தேசப்பனுக்கு முன்னால் இந்த லாஞ்சை வைத்திருந்த யாரோ, ஒழுகுகிறது என்று பயந்து அந்த வழிகளிலெல்லாம் சிமெண்டைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருந்த ஒவ்வொரு இடமும் ஒரு மூடின தொட்டி. இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு.

“சிமெண்ட ஒடைக்கணும்,” என்றார் பீம்ராவ்.

“தண்ணியில நிக்கிற லாஞ்சுல உளி வைக்கப்போறியா?” என்றார் தேசப்பன். “கை கொஞ்சம் தப்புச்சுன்னா பலகை பூடும். கடல் மேல வந்துரும்.”

“தெரியும்.”

தெரிந்துதான் இருந்தது. கையளவு பலகைக்கு அந்தப் பக்கம் நீச்சல் தெரியாதவனுக்கான ஆழம். படுத்தால் மூக்கில் தண்ணீர் படுகிற இடுக்கில், டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, சின்ன உளியால் துளித்துளியாகத் தட்டினார். பலமாக ஒரு அடி அடித்தால் சீக்கிரம் முடியும், அவர் அடிக்கவில்லை. தட்டுகிற ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் கேட்டார். சிமெண்ட் ஒரு சத்தம், மரம் ஒரு சத்தம். மரத்தின் சத்தம் வந்ததும் உளியை எடுத்துவிடுவார். முதல் கட்டைக்கே ரெண்டு மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் கை பழகிவிட்டது. சனிக்கிழமை ராத்திரிக்குள் பதினாலில் பதிமூணு வழி திறந்துவிட்டது. எல்லாத் தண்ணீரும் சேர்ந்து வந்து, ஐஸ் ரூமுக்கும் இன்ஜின் ரூமுக்கும் நடுவிலிருந்த கடைசிக் கட்டைக்குப் பின்னால் நின்றது. அங்கேயும் சிமெண்டைத் தட்டி எடுத்து, பம்பு மாட்டுகிறவரை தண்ணீர் வராதபடி உடனே ஒரு மர முளையை அடித்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கோவிந்தம்மா வாங்கி வைத்திருந்த புதுப் பம்பை மாட்டினார். பழைய இடத்தில் மாட்டவில்லை. இருப்பதிலேயே தாழ்வான இடம் எதுவென்று பார்த்து, உறிஞ்சுகிற குழாயை அங்கே இறக்கினார். மீன் செதில் போய் அடைக்காதபடி வாயில் ஒரு சல்லடை. பெல்ட்டைத் தளர்த்த ஒரு கைப்பிடி வைத்தார். தண்ணீர் இல்லாதபோது பம்பு சும்மா சுற்றிக் கருகவேண்டியதில்லை. எல்லாம் போதாதென்று, இன்ஜினே நின்றுபோனாலும் கையால் இறைக்க ஒரு அடிபம்பையும் பக்கத்தில் நிறுத்தினார். அந்த அடிபம்பைக் காசிமேட்டுக்காரர்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள்.

செய்தி எப்படியோ பரவியிருந்தது. பத்து மணிக்குக் கரையில் ஐம்பது அறுபது பேர். லாஞ்சில் ஏறமாட்டோம் என்ற ஆட்களும் கைகட்டி நின்றார்கள். மரக்கடைக்காரரும் ஒரு நாள் முன்னாடியே வந்து நின்றார். கட்டையை அளந்து பார்க்க வந்தாராம்.

தேசப்பன் இன்ஜினை எழுப்பினார். பீம்ராவ் கீழே இறங்கி, முளையைச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினார். அசையவில்லை. மறுபடி தட்டினார். மூணாவது தட்டில் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி பிய்த்துக்கொண்டு வந்து அவர் தோளில் பட்டது. பின்னாலேயே தண்ணீர், கருப்பாக, கையளவு தடிமனில், சீறிக்கொண்டு குழிக்குள் பாய்ந்தது.

பெல்ட் கைப்பிடியை இழுத்தார். பம்பு ரெண்டு தடவை இருமியது. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. வாய் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு, சுமையோடு, சீராக ஓடுகிற பம்பின் சத்தம். நாலு வருஷமாக அவர் கேட்காத சத்தம். முகமெல்லாம் சேறும் சகதியுமாக, அந்தக் குழிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பீம்ராவ் சிரித்தார்.

மேலே கூச்சல் கிளம்பியது. பக்கவாட்டுக் குழாயிலிருந்து கருப்புத் தண்ணீர் வில்லாக வளைந்து கடலில் கொட்டியது. கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் ரஞ்சித்தான் முதலில் கத்தினான்: “ஏய், எழுந்துக்கிது பாரு! நொண்டி எழுந்துக்கிது!”

இடப்பக்கம் மெல்ல மேலே வந்தது. முதலில் பச்சைப் பாசி, அப்புறம் சிப்பி ஒட்டின பலகை, அதற்கும் கீழே யாருமே பார்த்து வருஷங்களான ஒரு சிவப்புக் கோடு. ஒரு சாண் உயரம். முக்கால் மணி நேரத்தில் ‘கங்கையம்மன் துணை’ அக்கம்பக்கத்து லாஞ்சுகளைப் போலவே தோளைச் சமமாக வைத்துக்கொண்டு நின்றது.

கோவிந்தம்மா மரக்கடைக்காரரிடம் போனாள். “இன்னாங்க, அளக்குறீங்களா?” என்றாள். அவர் சிரித்துவிட்டு டேப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “இத்த ஒடைக்க எனக்கே மனசு வராதும்மா,” என்றார்.

பீம்ராவ் மேலே ஏறி வந்தபோது யாரோ கைதட்டினார்கள். தொடர்ந்து எல்லாரும் தட்டினார்கள். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தேசப்பன் அந்தச் சேற்றோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கோவிந்தம்மா தன் தட்டில், தன் வீட்டுச் சோற்றைப் போட்டு, எறா தொக்கு ஊற்றி நீட்டினாள். “ஒக்காந்து துன்னுங்க மேஸ்திரி. கை அப்பால கழுவிக்கலாம், கரண்டி கீது.” லாஞ்சு மேல்தட்டில் தேசப்பனும் பீம்ராவும் ரஞ்சித்தும் ஒரே வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அப்புறம் நல்ல பலகை வைத்து, புதுத் தெர்மோகோல் அடைத்து, ஐஸ் தண்ணீர் நேராகக் குழிக்கு வர ஒரு குழாயும் போட்டு, ஐஸ் ரூமை மூடினார்கள். மே கடைசியில் தடை முடிந்தது. பழைய ஆட்கள் ஐந்து பேரும் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து ஏறினார்கள். “மாமு, மொத நாளு நீயும் வந்தாத்தான் லாஞ்ச அவுப்பேன்,” என்று தேசப்பன் அடம்பிடித்தார். யசோதராவிடம் கேட்டபோது அவள், “நீ சரி பண்ணதுல நீயே ஏற மாட்டேன்னா, அவங்க எப்டி ஏறுவாங்க?” என்றாள். பீம்ராவ் ஏறினார். கூடவே ரஞ்சித்தும் ஏறிக்கொண்டான்.

அன்று முந்நூறுக்கும் மேற்பட்ட லாஞ்சுகள் ஒரே நேரத்தில் துறைமுக வாயில் வழியாக முட்டிமோதிக்கொண்டு வெளியேறின. எப்போதும் கடைசியில் திணறிக்கொண்டு போகிற ‘கங்கையம்மன் துணை’ அன்றைக்குக் கனம் இறங்கின உடம்போடு அலையை வெட்டிக்கொண்டு போனது. ஒவ்வொரு லாஞ்சாகத் தாண்டும்போது ரஞ்சித் முகப்பில் நின்று விசிலடித்தான். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தூரத்தில் குச்சிகளாகத் தெரிகிற இடத்துக்கு வந்தபோது, பீம்ராவ் ஒரு கையால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இன்ஜின் ரூம் மூடியைத் தூக்கிப் பார்த்தார். குழியில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. கைப்பிடியை இழுத்தார். பம்பு அதைக் குடித்துவிட்டுக் காலியாகச் சுற்றத் தொடங்கியதும் தளர்த்திவிட்டார்.

ரெண்டு தடவை வாந்தி எடுத்தார். வாய் கொப்பளிக்க ரஞ்சித் தண்ணீர் நீட்டினான்.

அவர்கள் திரும்பி வந்தபோது ஐஸ் ரூம் நிறைய வஞ்சிரமும் வவ்வாலும். இறங்கி, ஆடாத தரையில் கால் ஊன்றி, முதுகை நெட்டி முறித்துக்கொண்டிருந்தார் பீம்ராவ். அப்போது அடுத்த வரிசை லாஞ்சிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டார். “பீம்ராவ் அண்ணே! பம்பு பீம்ராவ் நீங்கதான? நம்ம லாஞ்சும் பின்பக்கம் ஒக்காந்துகினே கீது. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?”

அவருக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர் நின்றார்கள்.

“மொதல்ல ஒரு டீ,” என்றார் பீம்ராவ். டீயைக் குடித்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்த லாஞ்சின் பலகையில் ஏறினார். பலகை ஆடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. உள்ளே போனதும் எந்தப் பக்கம் முதலில் தட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.